கோட்டைக்கு ஒரு டிக்கட்

பதினெட்டு வருடமாய்
காலை ஏழே காலுக்கு
'கொட்டுவ, கொட்டுவ' என்று கத்துகிற பஸ்ஸில் ஏறி
கோட்டையில் இறங்குகிறேன்.
கோட்டையைப் பார்த்ததில்லை.

கப்பல் முகவர் கந்தோரில் எனக்கு இரண்டாம் மாடி.
சன்னலைத் திறந்தால் பாரந்தூக்கிகள்.
மூடினால் ஏசிக் குளிர்.
மதிலை இடித்து
நூற்றைம்பது வருடமாம்.
கல்லை எல்லாம் அள்ளிய வெள்ளைக்காரன்
பெயரை மட்டும் அள்ளவில்லை.

போயா விடுமுறையில் ரிஸ்மினா சொன்னாள்:
வா, உண்மையான கோட்டைக்குப் போவோம்,
அரசன் இருந்த கோட்டைக்கு.

தமிழில் இரண்டும் கோட்டைதான்.
சிங்களத்தில் இது கொட்டுவ, அது கோட்டே.
ஓர் எழுத்துப் பிசகினால்
அரசனுக்குப் பதில் வங்கிதான் கிடைக்கும் என்றாள்,
ஓடும் பஸ்ஸில் செருப்பைக் கழற்றிக் காலை மடித்துக்கொண்டு.

அகழி இருந்தது.
அதில் பச்சைப் பாசி,
ஒரு யோகட் கோப்பை,
கரையில் காவலுக்கு ஒரு கபரகொய்யா.
நாக்கை நீட்டிப் பார்த்தது.
அடையாள அட்டை கேட்கவில்லை.

மதில் எங்கே என்று கேட்டோம்.
பல் துலக்கிக்கொண்டே கேட்டைத் திறந்தார்
கித்சிறி என்பவர்.
'மதிலா? இருக்கு.
கோழிக்கூட்டுக்குப் பின்னால.'

செம்பாறை. தேன்வதை போல் துளை துளையாய்.
மேலே ஒரு சாரமும்
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் காய்ந்துகொண்டிருந்தன.
பறங்கியர் பீரங்கி பார்த்த கல்லில்
கோழி ஒன்று அலகைத் தீட்டியது.
'ராசா ஆருட்டையும் கேக்காமக் கட்டினார்.
நான் ஒரு ஆணி அடிக்கிறதுக்கு
மூன்று கந்தோர் ஏறோணும்' என்றார்,
நுரையைத் துப்பிவிட்டு.

கல்லில் கையை வைத்தேன்.
வெயில் சூடு. வேறொன்றும் இல்லை.
வாளோசை கேட்கும் என்று
யாரும் சொல்லியிருக்கவும் இல்லை.

எனக்குத் தெரிந்த கோட்டை வேறு.
அதற்கு மணல்மூட்டையில் மதில்,
சீமெந்து நிரப்பிய தார்ப் பீப்பாயில் வாசல்.
பிறந்த இடம் எது,
இங்கே யாரோடு இருக்கிறாய்,
சோற்றுப் பார்சலைத் திற.
ரிஸ்மினாவை ஒரு கேள்வியில் விடுவார்கள்,
என்னை ஐந்தில்.
அவள் அந்தப் பக்கம் நின்று
கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள்,
எனக்கும் சேர்த்துப் பிந்துவாள்.
அந்தக் கோட்டையை யார் எப்போது இடித்தார்கள்?
ஒரு திங்கட்கிழமை போனேன்,
இருக்கவில்லை.
தார்வீதியில் நாலு வட்டத் தழும்பு.

மாளிகை?
அதுவும் பார்த்தாயிற்று.
பெற்றோல் வரிசை மாதிரியே ஒரு வரிசை,
அந்த ஜூலையில்.
வாணலி விற்பவன், பிக்கு,
கைக்குழந்தைக்காரி, நான்.
யாரோ நீந்தினார்கள்.
யாரோ கட்டிலில் புரண்டு படமெடுத்தார்கள்.
ஓர் அறையில்
பட்டப்பகலில் ஐந்து விளக்கு எரிந்தது.
எங்கள் வீட்டில் அந்தப் பங்குனி
பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத பங்குனி.
திரைச்சீலைக்குப் பின்னால் தடவித் தடவி
சுவிட்சைக் கண்டுபிடித்து அணைத்தேன்.
நான் நடத்திய ஆட்சி அவ்வளவுதான்.

திரும்பும்போது
நகக்கண்ணில் சிவப்பாய் ஒரு துணுக்கு.
'தொல்பொருளைக் கடத்துறாய்,
ரெண்டு வருசம் உள்ளுக்கு' என்றாள் ரிஸ்மினா.
சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது.
தட்டிவிடவில்லை.

பஸ்ஸில் கூட்டம்.
எங்கே என்று கண்டக்டர் புருவத்தால் கேட்டான்.
கோட்டை என்றேன், தமிழில்.
எந்தக் கோட்டை என்று கேட்கவில்லை.
மிச்சக் காசும் தரவில்லை.