சித்தெ நேரம்

"சித்தெ நேரந்தானுங்க" என்று
கையைத் தூக்கிக் காட்டிவிட்டு
குட்டியானையைக் குறுக்கே விட்டு இறங்குகிறார் ஆறுச்சாமி.
பின்னால் உக்கடத்துப் பேருந்து,
அதன் பின்னால் பால்வண்டி,
ஆம்புலன்ஸ், நல்லவேளை, இன்றைக்கு இல்லை.

வெடியால அஞ்சரைக்கே வந்து
மண்டி வீதியில் நோட்டோடு நின்றவள் நான்.
பதினாலு நாள்.
வண்டி எண், வந்த மணி, போன மணி,
இறக்கியது என்ன:
பொட்டுக்கடலை, தீப்பெட்டிக் கட்டு,
காங்கயத்து எண்ணெய் டின்.
எத்தனை நேரம் ஆகும் என்று கேட்டால்
எல்லோரும் சொன்னது ஒரே சொல்.

சித்தெ.
ஒருவருக்கு அது நாலு நிமிஷம்.
ஒருவருக்கு ஒரு டீ, ஒரு போண்டா, ஒரு சண்டை.
கவுந்தப்பாடி வெல்லம் கொண்டுவந்த நாச்சிமுத்துக்கு
ஒன்றேகால் மணி நேரம்:
மண்டிக்காரர் ஒறம்பரை வீட்டுச் சீருக்குப் போயிருந்தார்,
சாவி அவர் இடுப்பில்.

சராசரி என்ன என்றார் மேனேஜர்.
பதினெட்டு என்றேன்.
இருபது என்று முடிவாயிற்று.

பிறகு தாரைத் துளைத்தோம்.
கைமுறுக்கு அளவு வட்டம்,
அதற்குள் இரும்பை மட்டும் உணரும் ஒரு கண்.
மேலே மஞ்சள் கோட்டில் பதினொரு கட்டம்.
ஆத்துப்பாலம் தாண்டும்போதே
செல்போனில் இடம் பிடித்துக்கொள்ளலாம்.
பச்சை என்றால் காலி.
இருபது நிமிஷம் ஓசி,
இருபத்தொன்றில் ஒரு மணியோசை,
இருபத்தைந்தில் ஐம்பது ரூபாய்.

முதல் வாரம்
பச்சை காட்டிய கட்டத்தில் ஒருவர்
தர்ப்பூசணி குவித்திருந்தார்.
பழத்தில் இரும்பு இல்லை, என் கண்ணுக்குத் தெரியவில்லை.
"ஆப்பு இருந்தாத்தான் எடம்னீங்க,
எங்களுக்கும் ஒண்ணு வெச்சுட்டீங்களே அம்மிணி" என்றார்.
பதில் என்னிடம் இல்லை.
கால் பழம் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

மூன்றாம் வாரம்
பேருந்து ஓட்டுநர் ஒருவர் ஹாரன் அடிக்காமல்
வீதியைக் கடந்துவிட்டு
நம்பாமல் திரும்பிப் பார்த்தார்.

ஏழாம் கட்டம் மட்டும் தினமும் மீறியது.
முப்பத்தொன்று. முப்பது. மறுபடி முப்பத்தொன்று.
திரையில் அது வேனல்கட்டிபோல் சிவந்து நின்றது.

போய்ப் பார்த்தேன்.
எதிரே மாடியில் கிட்டங்கி.
இருபத்திரண்டு படி.
லோடுமேன் செவந்தியப்பன்
ஐம்பது கிலோவை முதுகில் வாங்கி ஏறி
பதினொன்றாம் படியில் நிற்கிறார்.
மூட்டையைச் சுவரில் சாய்த்து
தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைக்கிறார்.
கீழே வண்டிக்குள் மணியடிக்கிறது.
அந்த ஐம்பது ரூபாயை
யார் கூலியில் யார் பிடித்தார்கள் என்பது
எந்தத் திரையிலும் வராது.

என்னைக் கண்டதும்
"சித்தெ இருங்க அம்மிணி, வழி விடறேன்" என்றார்.

படியில் நின்ற அந்தச் சித்தெ
நாற்பது நொடி.
இருபது மூட்டை.
கூட்டிப் பெருக்கினால் பதின்மூன்று நிமிஷம் சொச்சம்.

கட்டத்துக்கு ஒரு சட்டம் வைத்தால்
எல்லா வண்டியும் ஏழாவதுக்கே வரும் என்றார் மேனேஜர்.
அதுவும் சரிதான்.
மாடியைக் கீழே இறக்கும் திட்டம்
எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை.

ராத்திரி, தட்டில் இட்லி ஆற,
மடிக்கணினியைத் திறந்தேன்.
ஏழு: முப்பத்தைந்து.
காரணம் எழுதாமல் அது சேமிக்க மறுத்தது.
படி என்று எழுதினேன். போதாது என்றது.
இருபத்திரண்டு படி என்று எழுதினேன்.
ஏற்றுக்கொண்டது.

காலையில் போன்.
ஆறுச்சாமி, வீதி முனையில்,
பத்துக் கட்டமும் நிறைந்து
வண்டியில் கற்பூரப் பெட்டிகள்.
"ஏழு எப்பங்க காலியாகும்?
முந்தி இருபதுல விட்டுருவாங்களே."

திரையைப் பார்த்தேன்.
செவந்தியப்பன் இப்போது
எந்தப் படியில் இருப்பார் என்று அதில் இல்லை.

"சித்தெ நேரந்தானுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம்.
பிறகு என்ஜினை அணைக்கும் சத்தம்.