பெயரில் ஒரு கொசு

புரசைவாக்கம் பாத்திரக்கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் நடக்கிறது வகுப்பு.
கீழே எவர்சில்வர் அடுக்குகள் சரியும்போதெல்லாம்
தன்ஸிலா பேச்சை நிறுத்துவாள்,
ஓசை அடங்கியதும் விட்ட இடத்தில் தொடங்குவாள்.
இருபத்து மூன்று வயது அவளுக்கு.
எனக்கு நாற்பத்தொன்று.

"பின்" சொல்லச் சொன்னாள்.
சொன்னேன்.
"பஸ் டிக்கெட் இருக்கா அக்கா?"
29சி-யில் கொடுத்த மகளிர் சீட்டு,
விலை பூஜ்ஜியம்.
உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு
மறுபடி சொல்ல வேண்டும்.
சீட்டு அசையவேயில்லை.
பருப்பு, பட்டாணி, பால் பாக்கெட் என்று
இத்தனை வருஷம் சொல்லிவந்த வாய்
ஒரு பகரத்திலும் காற்றை வீணாக்கியதில்லை.
"ஊதுங்க, மெழுகுவத்தி அணைக்கிற மாதிரி."
ஊதினேன்.
சீட்டு பறந்து பிரிட்டோவின் டீயில் விழுந்தது.

பிரிட்டோ காசிமேட்டுக்காரன்,
கப்பல் சமையலறைக்குப் போகப் படிக்கிறான்.
அவனுக்குத் தெரியாத மீன் இல்லை,
ஃபிஷ் மட்டும்தான் வராது.
கீழுதட்டைப் பல்லால் தொடச் சொன்னால்
கடித்துவிடுவான்.

பகலில் எனக்கு வேலை கீழ்ப்பாக்கத்தில்,
ஆஸ்பத்திரி ஸ்கேன் பிரிவில், மைக் முன்னால்.
பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.
கோதண்டம் எழுவார், ஹபீபா எழுவாள்,
தூங்கிப்போன ஏசுபாதத்தை மனைவி இடித்து எழுப்புவாள்.
மார்ச்சில் லாகோஸிலிருந்து ஒருத்தி வந்தாள்,
மகனின் இதயத்தைக் காட்ட.
எஜின்னி, என்றேன்.
எசின்னே, என்றேன்.
நான்கு முறை.
மகன் தலையை மடியில் வைத்தபடி
மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.
அந்த வேறு யாரோ ஒருத்தி எழுந்து வரட்டும் என்று
அவளும் என்னோடு சேர்ந்து காத்திருந்தாள்.
முறை போய்விட்டது.
பையனை வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தோம்.
மணி மூன்றாகிவிட்டது அவன் சாப்பிட.

அதற்குத்தான் வகுப்பில் சேர்ந்தேன்.
சம்பளம் கூடும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

தன்ஸிலாவின் பெயரிலேயே இருந்தது நான் தேடிய ஒலி.
ஒருநாளும் அதை நான் சரியாகச் சொன்னதில்லை,
அவளும் திருத்தியதில்லை.
"தொண்டையில விரல் வைங்க.
வெறும் காத்து வந்தா பாம்பு,
நடுங்குச்சுன்னா கொசு."
எழுதிக்கொள்ள எழுத்தில்லை.
ஒரே ககரத்துக்குள் மூன்று ஒலியைக் குடிவைத்த மொழி
இதற்கு ஓர் அறை ஒதுக்கவில்லை.
நோட்டில் எ போட்டு, ன்னே போட்டு,
நடுவில் ஒரு கொசு வரைந்தேன்
ஆறு கால்களோடு.

கரண்ட் போன ராத்திரியில்
ஓட்டேரி நாலாவிலிருந்து வந்தார்கள்
ஃபீஸ் கேட்காத வாத்தியார்கள்.
காதோரம் ஒன்று பாடம் நடத்த
இருட்டில் தொண்டையைப் பிடித்தபடி
திருப்பிச் சொன்னேன்.
"உனக்கு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டு
அவர் புரண்டு படுத்தார்.

ஜூனில் மறுபரிசோதனை.
மைக்கை அழுத்தினேன். தொண்டை நடுங்கியது,
பாடத்தாலா பயத்தாலா தெரியாது.
ஒருமுறைதான் சொன்னேன்.
தூணோரம் இருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்,
வீட்டு ஆள் யாரோ கூப்பிட்ட மாதிரி.
மேசைக்கு வந்து என் பேட்ஜைப் படித்தாள்:
மான்விலி.

சிரித்துக்கொண்டே திருத்தியிருக்கலாம்.
ஆனால் மான்விளி என்றுதான் நானே சொல்வேன்,
என் அம்மாவும், எங்கள் தெருவும்.
விழி என்றால் கண்.
விளி என்றால் கூப்பிடுவது.
மைக் பிடிக்கிறவளுக்கு அது பொருத்தம்தான்.
"எஸ்," என்றேன்.
வலதுபக்கக் கதவைக் காட்டினேன்.

அன்று ராத்திரியும் காதோரம் வந்தது ஒன்று.
கையை ஓங்கி,
கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு,
அடித்தேன்.