யன்னல்காரி

நொச்சிமுனைக்கு வீடு மாறி வந்த முதல் கிழமையே
அவளுக்கு நான் பேர் வைத்துவிட்டேன்:
யன்னல்காரி.

ஐந்தரைக்கு என் ஸ்கூட்டி ஒழுங்கைக்குள் திரும்பும்.
திரும்பின கையோடு
எதிர்வீட்டு யன்னல் படாரென்று மூடும்.
இழுத்துவிட்டு மறைகிற கை மட்டும் தெரியும்,
இரண்டு சிவப்பு வளையலோடு.

மறுகா நான் சும்மா இருப்பேனா.
வந்தேறி என்ற இளக்காரம், என்றேன்.
மகன் கட்டாரில், அந்தப் பவிசு, என்றேன்.
(கட்டாரில் இருப்பது பக்கத்து வீட்டுக்காரியின் மகன்.
அது தெரியவே எனக்கு ஏழு மாதம் பிடித்தது.)
கோயில் வாசலில் ஒருநாள் கண்டு சிரித்தேன்.
குனிந்து செருப்பைத் தேடினாள்.
செருப்போ காலில் இருந்தது.
அன்றைக்கே தீர்ப்பை எழுதி மடித்து
மனசுக்குள் எங்கேயோ செருகியாயிற்று.

என் தொழிலைச் சொல்லவேண்டும்.
பட்டணத்தில் அச்சகமொன்றில் புரூஃப் பார்க்கிறேன்.
கலியாணக் காட், முப்பத்தோராம் நாள் நினைவுமலர்,
இல்ல விளையாட்டுப் போட்டி அழைப்பிதழ்.
‘திருநிறைசெல்வி’யில் ஒரு ‘ச்’ கூடினால்
கல்லடிப் பாலத்துக்கு இந்தக் கரையில் நின்றாலும்
எனக்கு மணக்கும்.
முடியாததை ஃபைலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன்.
கறுப்பு ஹெல்மெட், தோள்பை, நீல ஃபைல்:
இப்படித்தான் அந்த ஒழுங்கையால் போய்வந்தேன்.

கார்த்திகைக் கடைசியில் வாவி வீதிக்கு வந்தது.
முகத்துவாரம் வெட்டப்போகிறார்களாம்,
இன்றைக்காம், நாளைக்காம்.
ஃபைலைப் பொலித்தீனில் சுற்றி
மழைக்கோட்டுக்குள் பாதி செருகிக்கொண்டு
முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டியை உருட்டி வந்தேன்.
அன்றைக்கும் அவள் யன்னலை இழுத்தாள்.
இழுத்த இழுப்பில்
சட்டத்தோடு கழன்று தண்ணீரில் விழுந்தது அது.

நடுவில் மறைக்க ஒன்றுமில்லை.
அவளுக்குப் பின்னால்
மேசைமேல் மேசை ஏற்றி, உச்சியில்
ஒரு தையல் மெசின்.
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போர்த்தின மாதிரி
பெட்சீற்றால் போர்த்தியிருந்தது.

“வாற செவ்வாய் கட்டிருவன் மகள்,” என்றாள்.
“மெசினை மட்டும் தூக்கிராதங்க.”

“என்னை ஆரெண்டு நினைச்சீங்க கா?”

லோன்காரி.
கிழமைக்குக் கிழமை வந்து
குழுப் பெண்கள் எல்லாரையும் முற்றத்தில் இருத்தி
கடைசிக் காசு வரும்வரை எழும்பாத கம்பனிக்காரி.
கறுப்பு ஹெல்மெட், தோள்பை, நீல ஃபைல்.
இப்போது எதிர்வீட்டுக்கே குடிவந்துவிட்டாள் என்று
ஏழு மாதமாய் அவளுக்கு நித்திரை இல்லையாம்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
ஹெல்மெட்டைக் கழற்றி,
ஃபைலைத் திறந்து,
ஓரம் நனைந்த கலியாணக் காட் ஒன்றைக்
கையில் கொடுத்த பிறகும்
அவள் என்னைப் பார்க்கவில்லை, காட்டைத்தான் பார்த்தாள்.

“மாப்பிள்ளைர பேர் பிழை கா.
அவன் கோகுலராஜ் இல்ல, கோகிலராஜ்.
எங்கட பெரியண்ணன்ர பொடியன்தானே.”

நான் மூன்று தரம் பார்த்த புரூஃப்.
ஒரு குறில் பிசகவில்லை என்று
கையெழுத்தும் வைத்திருந்தேன்.
ஆளைத் தெரியாதவளுக்கு
கோகுலராஜில் என்ன பிழை தெரியும்?

அவள் பேர் நேசரூபி.
தங்கமானவள் என்று இங்கே முடித்தால்
அதுவும் பார்க்காமல் விட்ட புரூஃப்தான்.
தை மாதம் கைமாற்றாய் வாங்கின இரண்டாயிரம்
பங்குனியாகியும் வரவில்லை.
வாய்விட்டுக் கேட்கவும் ஏலாது;
கேட்ட அந்த நிமிஷம்
நான் லோன்காரி ஆகிவிடுவேன்.

யன்னலுக்குப் புதுச் சட்டம் போட்டாயிற்று.
ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத்தான்
இப்போதெல்லாம் ஒழுங்கைக்குள் திரும்புகிறேன்.
நேற்று ஐந்தரைக்கு
ஒரு கதவு சாத்தியிருந்தது, ஒன்று திறந்திருந்தது.

காற்றுக்காக இருக்கும் என்று
நினைத்துக்கொண்டேன்.