ரெண்டு ரெண்டு அளவுக் கை

என் கை சின்னது.
திருவாரூர் கீழவீதி வளையல்கடைக்காரர்
தூரத்திலேயே சொல்லிவிடுவார்:
"ரெண்டு ரெண்டுதானே மேடம்?"
ஆயுதக் கிடங்குப் பதிவேட்டில்
கைக்கென்று கட்டம் கிடையாது.
பெயர், பதவி, துப்பாக்கி எண்,
ரவை பத்து, கையொப்பம்.

ஆறு வருஷம் அந்தப் பழைய பிஸ்டல்.
தடித்த பிடி.
நனைந்த நெல்மூட்டையின் காதைப் பிடித்த மாதிரி.
கைக்கு எட்டியது
விரலுக்கு எட்டவில்லை.
விசையைத் தொட
உள்ளங்கையை ஓரமாய்த் திருகணும்,
திருகினால்
உதைப்பு முழுக்கக் கட்டைவிரல் மூட்டில் இறங்கும்.
வருஷாந்திரப் பயிற்சியில்
என் ரவைகள் அட்டையின் இடது ஓரத்தில்
வரப்பில் கொக்கு உட்கார்ந்ததுபோல் வரிசையாய்.
"லேடீஸுக்குக் குறி வராது" என்றார் ஆய்வாளர்.
எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

குறுவை அறுப்பு முடிந்த வாரம்
புதுப் பெட்டி வந்தது.
கிடங்கில் சவரிராஜ்,
என்னைவிட எட்டு வயது சிறியவன், ஏட்டு,
மேஜையில் சாக்கை விரித்து மூன்றை வைத்தான்.
ரவை இல்லையென்று எனக்குக் காட்டினான்.
காட்டிவிட்டுத் தானும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"கண்ண மூடிட்டு காலண்டரப் பாத்து நீட்டுங்க.
இப்பத் தொறங்க."

முதலாவது
காலண்டரை விட்டு
சுவிட்ச் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.
இரண்டாவதில்
சுண்டுவிரலுக்கு இடமில்லை,
கொரடாச்சேரி பஸ்ஸில்
படியில் தொங்குகிறவன் மாதிரி அந்தரத்தில்.
மூன்றாவதற்கு அவன் பின்தகட்டைக் கழற்றி
சின்ன அளவை மாட்டினான்.
நீட்டினேன்.
முழங்கை எலும்பும் குழலும் ஒரே கோடு,
கன்னி வாய்க்கால் நேரே மதகில் சேர்வதுபோல்.
கண் திறந்தபோது
கூட்டுறவு வங்கிக் காலண்டரில்
ஐப்பசி ஏழில் நின்றிருந்தது.
விரலின் முதல் கணு, அதன் சதை, சரியாய் விசையில்.
சவரிராஜ் பையைத் துழாவி
ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து
விரலுக்கும் சட்டத்துக்கும் நடுவே நுழைத்தான்.
போனது.
"அவ்ளோதான் மேடம். இந்த இடைவெளி இருக்கணும்."

மறுநாள் சுட்டேன். பத்தும்
ஒரு சோற்றுக் கரண்டிக்குள் அடங்கின.
வெளியே வந்து
இரண்டு வாழைக்காய் பஜ்ஜி தின்றேன்,
பிறகு மூன்றாவது.

ராத்திரிதான் அது வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால்
வெட்டாற்றங்கரை, பிசுபிசுத் தூறல்,
விளக்கு போடாத மணல் டிராக்டர்.
மூங்கில் புதரிலிருந்து ஓர் உருவம்
கையில் என்னவோ பளபளக்க
என் பக்கம் ஓடிவந்தது.
எடுத்துவிட்டேன்.
கை திருகிக்கொண்டிருந்தது,
விரல் விசையைத் தேடிக்கொண்டிருந்தது,
அந்தத் தேடலுக்குள்
ஜீப் வெளிச்சம் திரும்பியது.
தூக்குவாளி.
"அப்பாவுக்குச் சோறு" என்றான்.
சோறு முழுக்க மணலில்.
அவனுக்கும் எனக்கும் ஒரே மாதிரி நடுங்கியது.

கலியமூர்த்தி மகன், பெயர் இளஞ்சேரன்.
இப்போது கொரடாச்சேரியில் செல்போன் கடையில் இருக்கிறான்.
எனக்கு ரீசார்ஜ் செய்து தருவான்.
காக்கி இல்லாமல் போனால்
அடையாளம் தெரியாது அவனுக்கு.

பொருந்தாத பிடி கொடுத்த
அந்த அரை அங்குலத்தில்தான்
அவன் நின்றுகொண்டு
சில்லறை எண்ணுகிறான்.

இப்போது விரல் எட்டுகிறது.
நினைப்பதற்குள் எட்டுகிறது.
இடுப்பில் இருப்பதே தெரியவில்லை.

அதனால் பழகுகிறேன்:
ஸ்கூட்டர் பிடியில், தோசைத் திருப்பியில்,
பதிவேட்டுப் பேனாவில்கூட,
ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி
விசைக்கு வெளியே, சட்டத்தின்மேல் கிடத்தி வைக்க.
துப்பாக்கி செய்து தராத தாமதத்தை
நான்தான் செய்துகொள்ளணும்.
சில நாள் மறந்துவிடுகிறது.

அந்த டிக்கெட் சட்டைப் பையில் இருக்கிறது.
நீடாமங்கலம் – திருவாரூர்,
பதினெட்டு ரூபாய்.
சவரிராஜ் திருப்பிக் கேட்கவில்லை.