தண்டை அழித்த பிறகு

ரௌமா கப்பல் தளத்தில், ஒரு பிப்ரவரி மதியம்,
வரைபடத்தில் ஒரு கோட்டை அழித்தேன்.
எந்திரத்திலிருந்து சுழலி வரைக்கும்
முப்பத்தெட்டு மீட்டர் எஃகுத் தண்டு.
முதுகெலும்பு என்றே நினைத்திருந்தோம்.
உருவி எடுத்தும் கப்பல் துவண்டு விழவில்லை.

டீசல் மின்னாக்கிகள் நான்கும்
தண்டுக்கு நேராக அடிவயிற்றில் கிடக்கத் தேவையில்லை இனி.
இரண்டு தளம் மேலே ஏறிக்கொண்டன.
கீழே போவது கம்பி மட்டும்.
கம்பி வளையும், மூலை திரும்பும்,
கதவுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போகும்.

மிஞ்சிய இடத்துக்குத்தான் சண்டை.
எண்ணெய்த் தொட்டி என்றான் கணக்குப் பார்க்கும் ஹெய்மோ.
சரக்கு என்றது முதலாளியின் கடிதம்.
சவ்னா,
மாலுமிகள் சங்கம் ஒரே சொல்லில் எழுதியது.
பின்லாந்தில் அதற்கு மறுப்பு எழுத யாருக்குக் கை வரும்?

வழியில் நூற்றுக்கு எட்டுப் பங்கு மின்சாரம் தொலைகிறது.
மறைக்கவில்லை, முதல் பக்கத்திலேயே எழுதினேன்.
ஆனால் மெல்லப் போகும் நாளில்
இரண்டு மின்னாக்கி ஓடும், இரண்டு உறங்கும்.
பழைய கப்பலின் ஒற்றை எந்திரம்
நடந்தாலும் ஓடினாலும் ஒரே பசி.

வெள்ளோட்டத்தின் முதல் இரவு யாருக்கும் தூக்கமில்லை.
சத்தம் போதவில்லை.
பக்கத்துப் படுக்கைக்காரன் கனவில் கூப்பிடும் பெயர்
ஏழு வருடத்தில் அன்றைக்குத்தான் கேட்டதாம் சமையல்காரனுக்கு.
காபியில் எழும் வளையங்களைப் பார்த்தே
எந்திரத்தின் நோய் சொல்லும் தார்மோ
அசையாத கோப்பையை
விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

கெமிக்கு வெளியே பனி மதில் போல் எழுந்து நின்றது.
அணியம் மோதியது, ஏறியது, சிக்கியது.
ரித்வா மாலுமி மேடையில் எதையும் சொல்லவில்லை.
பின்னால் தொங்கும் சுழலிகளை
அரைவட்டம் திருப்பினாள்.
கப்பல் புறங்காட்டி விலகியது,
மெல்லச் சுற்றி
முதுகாலேயே பனிக்குள் நுழைந்தது.
சுழலி கடித்தது, நீர் கழுவியது,
கட்டிகள் இருபுறமும் சாய்ந்து வழிவிட்டன.
மூன்று மணி நேரம்
போன திசையைப் பார்க்காமலே போனோம்.

அன்றிரவு சவ்னாவில் தார்மோவும் நானும்.
தண்டு ஓடியிருக்க வேண்டிய இடத்தில்தான்
பலகை போட்டிருந்தார்கள்.
கல்லில் நீரை ஊற்றிவிட்டு அவர் குனிந்தார்,
தரையில் உள்ளங்கையை வைத்தார்,
நாடி பார்ப்பதுபோல் வெகுநேரம்.

"என்ன இருக்கு?"

"சூடு," என்றார்.
கையை எடுக்கவில்லை.