படகுக்குக் கொடுத்த எண்

அந்த டிசம்பரில், வரதராஜபுரத்தில்,
ஒன்பதாவது படியைத் தண்ணீர் தொட்டபோது
மஸ்கட்டில் இருந்த தம்பி என்னை நாலு வரியாக்கினான்:
"எட்டு மாதக் கர்ப்பிணி. தனியாக இருக்கிறார்.
மூன்றாம் குறுக்குத் தெரு, பச்சை கேட்.
தயவுசெய்து பகிரவும்."
கீழே என் பத்து இலக்கங்கள்.

பகிர்ந்தார்கள்.
முகம் தெரியாத நாலாயிரம் பேர்
கைமாற்றிக் கைமாற்றி என்னை இறக்கிவைத்தார்கள்
பட்டினப்பாக்கத்திலிருந்து லாரியில் வந்த
ஒரு கடல் படகில்.
"பச்ச கேட்டாம்மா?" என்றார் படகுக்காரர்.
அதற்குமேல் அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை.

தண்ணீர் வடிந்தது.
சுவரில் அது போட்ட கோடு
இரண்டு பெயிண்டில் மறைந்தது.
எண் வடியவில்லை.

வயிற்றில் இருந்தவள் இப்போது பின்னக் கணக்கு போடுகிறாள்.
எனக்குத் தனிநபர் கடன் தருகிறார்கள்,
குழந்தையின்மைக்குச் சிகிச்சை தருகிறார்கள்,
ஒரு பெண் அதே வரதராஜபுரத்தில்
"வெள்ளமே வராத பிளாட் மேடம்" தருகிறாள்.
ஒருநாள் இரவு பதினொன்றே முக்காலுக்கு
அவசரமே இல்லாத ஒரு குரல்:
"இப்பவும் தனியாத்தான் இருக்கீங்களா?"

நம்பர் எப்படிக் கிடைத்தது என்றால்
எல்லோருக்கும் ஒரே பதில்.
பொதுவுலதானே இருக்கு.
ஆமாம்,
தெருவில் போன தண்ணீர்தான்
என் சமையலறைக்குள்ளும் வந்தது.

தம்பி தன்னுடையதை அழித்துவிட்டான்.
மற்ற நாலாயிரம் பேருக்கு எப்படிச் சொல்ல,
காப்பாற்றியது போதும், என்னைக் கீழே வையுங்கள் என்று?

போன ஞாயிறு மதியம் நானே தேடிப் பார்த்தேன்.
பட்டியல் அப்படியே இருக்கிறது.
எனக்கு மேல்வரிசையில்
"ஜெபமணி, 61, குரோம்பேட்டை.
இன்சுலின் நாளைக் காலையோடு தீரும்."

கிடைத்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.
நல்ல எண்ணம்தான்.
அழுத்திவிட்டேன்.
நாலாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள்:
"யாரு? அப்பா நம்பர் உங்களுக்கு யாரு குடுத்தா?"

பதில் நாக்கு நுனிவரை வந்தது,
அவர்கள் எல்லோரும் சொன்ன அதே பதில்.
வைத்துவிட்டேன்.

அவள் திரும்ப அழைத்தாள்.
மறுபடியும் அழைத்தாள்.
பென்சிலைக் கடித்தபடி மகள் கேட்டாள்,
யாரும்மா?

தெரியாத நம்பர், என்றேன்,
பெயர், வயது, ஊர், வியாதி
எல்லாம் தெரிந்த நான்.