நான்கு இலக்கங்கள்

மல்லாவி உபதபாலகத்தில்
அந்த அட்டைகளுக்கு முத்திரை குத்தியவன் நான்.
எல்லாவற்றிலும் நான்கே இலக்கங்கள்.
7163.
கீழே, வணக்கத்துடன் சி. அமிர்தரூபன்.
முகவரி பின்லாந்து.

தாண்டிக்குளத்தில் பையைக் கொட்டிக் கேட்டார்கள்
இது எந்த முகாமின் இலக்கம்?
குதிரை, என்றேன்.
எந்தக் குதிரை?
பொழுது சாயும்வரை வெயிலில் இருத்தி வைத்தார்கள்.

மாங்குளத்திலிருந்து எல்லோரும் ஓடு கழற்றி ஏற்றியபோது
அவர் கதவைக் கழற்றினார்.
கதவு நிறையப் பதினொரு ஆட்டம்,
காய்களெல்லாம் ஆணி.
லான்ட்மாஸ்ரர் குலுங்கியதில் ஒரு ஆணி விழுந்ததாம்.
எந்த ஆணி, எந்தக் கட்டம்,
தேடாமலே சொன்னார்.

பிறகு பாதை பூட்டு.
நாற்பத்தோராம் நகர்வு, 3437,
எண்பத்து மூன்று நாள்
என் மேசைக்குக் கீழே சாக்கில் கிடந்தது.
பலமுறை எடுத்துப் பார்த்தேன்.
எனக்கு ஆடத் தெரியாது,
ஆனாலும் அது அவசரமான இலக்கம் என்று தெரிந்தது.
நேரம் கடந்து தோற்றார்.

ஆறு வருடம் கழித்துப் பதிவுத் தபாலில் வந்தது
கிராண்ட்மாஸ்டர் பட்டம்.
கையொப்பம் வைத்துவிட்டு
சங்கத்துக்கு மண்ணெண்ணெய் வந்திட்டுதோ என்று கேட்டார்.

இறுதியாட்டம் பற்றி அவர் எழுதிய புத்தகம்
இப்போது என்னிடம் இருக்கிறது.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்:
"நல்ல நகர்வு. பிந்திப் போனது.
பிழை என்னுடையது."

ஓய்வுபெறும் நாளில்
திகதிச் சில்லைப் பின்னுக்குத் திருப்பி,
எண்பத்து மூன்று நாளையும் திருப்பி,
அந்தப் பக்கத்தில்
ஒரு முத்திரை குத்தினேன்.